அடுத்த முறை புண்ணைச் சுத்தம் செய்யும் முன் தோல் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்

வணக்கம் சகோதரி. வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைத்த ஐந்தாம் நாளில் அக்காவுக்குப் புண் வந்தது, இரண்டு முறை வெட்டிச் சுத்தம் செய்தும் பெரிதாகிறது, கல்ச்சரில் (கிருமி வளர்க்கும் சோதனையில்) கிருமி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என் சித்திக்கும் இப்படித்தான் ஆனது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பயோடெர்மா காங்கிரினோசம் என்று ஒரு நோய் உண்டு. 1930லேயே மருத்துவர்கள் விவரித்தது, ஆனால் அரிது. கிருமியால் வருவதல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குகிறது. காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் இருக்கலாம் என்பதால் யாருக்கும் கிருமித் தொற்று என்றே தோன்றும். வெட்ட வெட்டப் பரவுவதுதான் இதன் கொடுமை. சித்திக்கு மூன்றாவது முறைக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

புண்ணின் ஓரம் ஊதாவாக, உள்ளே குடைந்தது போல இருக்கிறதா? பார்வைக்குத் தெரிவதைவிட வலி அதிகமா? வயிற்றுத் தையலிலும் இதே மாதிரி புண் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஓரத்திலிருந்து பயாப்சி (சோதனைக்குச் சிறு சதைத் துண்டு) எடுக்கச் சொல்லுங்கள். இதுதான் என்று முடிவானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளான ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் சைக்ளோஸ்போரின் கொடுப்பார்கள். ஆனால் தொற்று இல்லை என்று உறுதியாக வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மார்பக வடிவத்தைச் சரிசெய்வது அப்புறம். புண் முழுதாக ஆறி, நோய் அடங்கிய பிறகு, மருந்தின் பாதுகாப்போடு செய்யலாம். வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று அக்கா சொன்னால் அதுவும் சரியான முடிவுதான். அவரிடமே கேளுங்கள்.