வெறும் கணினி ஊடுருவலால் ஊரையே இருட்டாக்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு, சுமார் 2,25,000 இணைப்புகள் மின்சாரம் இழந்தன. தொடக்கம் மாதங்களுக்கு முன்பு மின்னஞ்சலோடு வந்த ஒரு கோப்பு. அதன் வழியே ஊழியர்களின் கடவுச்சொற்கள் திருடுபோயின. தாக்குதல் நாளில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை) அணைத்ததைப் பணியாளர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அடுத்த நகர்வு. துணைமின் நிலையத் தொடர்புக் கருவிகளை இயக்கும் உள்மென்பொருளையே தாக்கியவர்கள் அழித்தார்கள். தொலைவிலிருந்து திரும்ப இயக்க வழியில்லை. ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர் போட்டதால்தான் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. கையால் இயக்கும் அந்தப் பயிற்சியை எந்த மின்வாரியமும் கைவிடக் கூடாது.

2016 டிசம்பரில் உக்ரைன் தலைநகர் கீவ் பகுதியைத் தாக்கிய நிரலுக்கு மவுஸை நகர்த்த ஆள்கூடத் தேவைப்படவில்லை; பிரேக்கர்களுக்கான கட்டளைகளை அதுவே அனுப்பியது.