குதிரைக்கு அரிப்பு: டப்பா வாங்கலாமா, வலை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கோபி பக்கம் வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தோட்டம். போன ஆடியில் அந்தியூர் சந்தையில் ஆறு வயது கத்தியவாரி பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினோம், 350 கிலோ இருக்கும். அப்போது உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் பிடரியையும் வால் அடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு பேனும் இல்லை சொறியும் இல்லை, பூச்சிக்கடி ஒவ்வாமை என்றார். இணையத்தில் ‘அரிப்பு நிற்கும், எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்று ஒரு கிலோ டப்பா விற்கிறார்கள், தினம் 30 கிராம் தீவனத்தில் கலக்க வேண்டுமாம். ஊரில் வேப்பெண்ணெய், பூண்டு, பழைய என்ஜின் ஆயில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் காசு போடுவது?

பதில்: தம்பி, முதலில் என்ஜின் ஆயிலை விடுங்கள். அது தோலை எரிக்கும், குதிரை நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். யார் சொன்னாலும் வேண்டாம்.

மருத்துவரிடம் முதலில் காட்டினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதிச் செலவு மிச்சம். இது கியூலிகாய்டஸ் என்ற சின்னஞ்சிறு கடிபூச்சியின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே வகைப் பூச்சிதான், அதனால் மழைக்காலம் வந்தால் நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கும் இதோடு மல்லுக்கட்டுதான். ஒரு பூச்சி 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஈரச் சேற்றிலும் லத்திக் குவியலிலும் பெருகும், விடியலிலும் அந்தியிலும் கடிக்கும், ஆனால் காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. நீங்கள் வாங்கியது ஆடியில், அந்தக் காற்றில் பூச்சியே குறைவாக இருந்திருக்கும், அதனால் தோல் சுத்தமாகத் தெரிந்திருக்கலாம். அடுத்த முறை சந்தைக்குப் போனால் பிடரி மயிரை விலக்கி அடித்தோலைத் தடவிப் பாருங்கள். தடித்து மடிப்பு விழுந்திருந்தாலோ, வால் அடியில் மயிர் ஒடிந்து குச்சி குச்சியாக நின்றாலோ, போன மழைக்காலத்தில் எப்படி இருந்தது என்று விற்பவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். இந்த மாதிரி டப்பாக்களில் பெரும்பாலும் ஆளி விதைதான் முக்கியச் சரக்கு, ஒமேகா-3 என்று போட்டிருப்பார்கள். ஆளி விதைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒவ்வாமை உள்ள ஆறு குதிரைகளுக்கு 42 நாள் அரைத்த ஆளி விதை கொடுத்தபோது, பூச்சிச் சாற்றை ஊசியால் தோலில் ஏற்றிய இடத்தில் வீக்கம் குறைந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த அளவைப் பாருங்கள்: ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம். உங்கள் குதிரைக்கு தினம் 350 கிராம். டப்பாக்காரர் சொல்வது 30 கிராம், அதிலும் எவ்வளவு ஆளி விதை என்று யாருக்குத் தெரியும்? டப்பாவையே 350 கிராம் வீதம் கொடுத்தால் மூன்று நாளில் காலி. அதோடு, 1999இல் ஆளி எண்ணெயை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், மக்காச்சோள எண்ணெய் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் அரிப்பில் சொல்லும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை.

கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் மளிகைக் கடையில் ஆளி விதையாகவே வாங்கி, அன்றன்றைக்கு அரைத்து, கொஞ்சமாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள், கூட்டுகிற அளவுக்கு மற்ற தீவனத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அப்படியே வைத்துவிடாதீர்கள், அதில் சயனைடு வெளிப்படும். பூண்டு வேண்டாம். உலர் பூண்டை அதிக அளவில் தின்ற குதிரைகளுக்குச் சிவப்பணு கெட்டுச் சோகை பிடித்ததை 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் பூச்சியை ஓரளவு விரட்டும், ஆனால் புண்ணில் படக்கூடாது. தேங்காய் எண்ணெயில் கலந்து, முதலில் ஓர் இடத்தில் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் பூசுங்கள்.

நான் காசு போடச் சொல்வது பூச்சியை அண்டவிடாத பொருள்களில்தான். லாயத்துக்கு ஒரு வலுவான மின்விசிறி, வயர் குதிரையின் வாய்க்கு எட்டாதபடி. வாசலுக்கும் ஜன்னலுக்கும் வலை, அதுவும் சாதாரணக் கொசுவலை போதாது, இந்தப் பூச்சி வலைக்கண் வழியாக உள்ளே நுழைந்துவிடும், அதைவிட நெருக்கமாக நெய்தது கேளுங்கள். கழுத்து, வயிறு, வால் அடி மூன்றையும் மூடுகிற மெல்லிய பருத்தி உறையை ஊர்த் தையல்காரரிடம் அளவு கொடுத்தே தைக்கலாம், இரண்டாகத் தைத்தால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றது இருக்கும். வெயில் சாய்வதற்கு முன்னால் குதிரையை உள்ளே கட்டி, நன்றாக விடிந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். லத்தியை தினம் அள்ளித் தொலைவில் கொட்டுங்கள். வாய்க்கால் ஓரச் சேற்றில் கட்டவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடிப்பதென்றால் மருத்துவர் சொன்ன அளவில் அடியுங்கள், வீட்டில் பூனை இருந்தால் அதற்கு அது விஷம், கிட்டே விடாதீர்கள். ரத்தம் கசிகிற அளவுக்குத் தேய்த்தால் எந்த எண்ணெயும் பூசாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு ஊசியை மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் போட்டுவிடாதீர்கள், குளம்பில் அழற்சி வந்து குதிரை முடமாகக்கூட ஆகலாம்.

போன வருடம் நானே இப்படி ஒரு டப்பா வாங்கி ஏமாந்தேன். லேபிளில் ‘மூலிகைக் கலவை’ என்பதைத் தவிர உள்ளே என்ன, எத்தனை கிராம் என்று ஒரு வரி இல்லை. அப்படி இருந்தால் வாங்காதீர்கள். அப்புறம், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் அச்சடித்திருப்பதைப் பார்த்து நம்பவும் வேண்டாம். அந்த ஆணையத்தின் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது, அதன் வரையறையிலேயே கால்நடைத் தீவனம் கிடையாது. ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் ‘அரிப்பு நிற்கும்’ என்ற விளம்பரத்தைப் படம் பிடித்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். முதலில் விற்றவரிடம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம், தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.