துருக்கி வீடுகளின் இரவுச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் உணவகங்களில் துருக்கி உணவு என்றாலே கபாப்தான். நாங்கள் இறைச்சியை அரிதாகவே சமைக்கிறோம். மகளோ காய்கறியைத் தொடுவதில்லை. வேலை முடிந்து வந்து இரவில் செய்யக்கூடிய, உடலுக்கும் உகந்த துருக்கிச் சமையல் ஏதேனும் உண்டா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கபாப் கரி அடுப்புக்கும் கைதேர்ந்த கடைக்காரருக்கும் உரியது. துருக்கியர் அதைப் பெரும்பாலும் வெளியே போய்த்தான் உண்கிறார்கள். வீட்டில் அவர்கள் அன்றாடம் சமைப்பதில் பருப்புக்கும் காய்கறிக்கும் தானியத்துக்கும் தயிருக்கும் பெரிய இடமுண்டு. ஆகவே உங்கள் வீட்டுக்காக அந்தச் சமையலை மாற்றியமைக்க வேண்டியதே இல்லை.

முதலில் மெர்ஜிமெக் சோர்பா என்னும் பருப்புச் சூப்பைச் செய்து பாருங்கள். ஒரு கோப்பை மைசூர் பருப்புடன் ஒரு வெங்காயம், ஒரு கேரட், சிறிய உருளைக்கிழங்கு ஆகியவற்றை நறுக்கிச் சேர்த்து, ஆறு கோப்பை நீரில் அரை மணி நேரம் வேகவைத்து மசித்துவிடுங்கள். உருகிய வெண்ணெயில் உலர்ந்த புதினாவையும் மிளகாய்த் தூளையும் ஒரு நொடி காட்டி அதன்மேல் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து பரிமாறுங்கள். துருக்கியின் மிளகாய்ச் செதில் நம்முடையதைவிடக் காரம் குறைந்தது என்பதால் நம் மிளகாய்த் தூள் கால் தேக்கரண்டியே போதும். கேரட் உள்ளே இருப்பதை மகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

அந்தச் சமையலில் எனக்கு மிகவும் பிடித்த வகை, ஆலிவ் எண்ணெயில் வேகும் காய்கறிகள். அரைக் கிலோ பீன்ஸுக்கு ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, சிட்டிகை சர்க்கரை, மிகக் குறைந்த நீர். பாத்திரத்தை மூடிச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிட்டு, சூடில்லாமல் உண்பார்கள். பீன்ஸ் நறுக்கென்று இருக்க வேண்டும் என்னும் இக்காலப் பிடிவாதம் இங்கே செல்லாது, அது குழைந்தே ஆகவேண்டும். நல்லெண்ணெயில் செய்தாலும் ருசிக்கும், ஆனால் அது வேறொரு பண்டம். எண்ணெய் குறைவான சமையல் என்று இதைச் சொல்ல முடியாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சோற்றுக்குப் பதில் புல்கூர் சமைக்கலாம். கோதுமையை முன்பே வேகவைத்து உலர்த்தி உடைப்பதால் அது பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். நம் சம்பா ரவை அப்படி வேகவைத்து உடைத்ததன்று என்பதால் அதே நீரளவும் நேரமும் அதற்குப் பொருந்தாது. வதக்கிய வெங்காயத்திலும் தக்காளி விழுதிலும் புல்கூரைப் புரட்டி, இருமடங்கு நீர் விட்டு, நீர் வற்றியதும் மூடிக்கடியில் துணி வைத்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ள வெள்ளரியும் பூண்டும் கலந்து சற்று நீர்த்த தயிர் போதும்.

பீன்ஸை ஞாயிற்றுக்கிழமையே சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், திங்களன்று சூப்பும் புல்கூரும் மட்டுமே வேலை. உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதைக் குழம்பான குரு ஃபசுல்யேவைப் பற்றியும் கேட்பீர்கள். அதற்கு முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும் என்பதால், விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.