பழைய மாருதியில் நீலப் புகை, ஆயிலும் குறைகிறது: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி இது: 2003 மாருதி 800, மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகப் புகைகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் ‘ரிங் போச்சு, எஞ்சினை இறக்கி போர் வேலை பார்க்கணும்’ என்கிறார் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ரிங், சிலிண்டர் துளையைக் கடைந்து சரிசெய்வது போர் வேலை). செலவு செய்யலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது. ‘காலையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் அதைக் கேட்டாரா?

என்னிடம் 1998 ஜென் ஒன்று இருந்தது, கார்புரேட்டர் வண்டி. முதலியார்பேட்டையில் குடியிருந்தபோது காலையில் சாவியைத் திருப்பினால் தெருவே மறைகிற அளவுக்குப் புகை. எதிர்வீட்டு அக்கா நான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தாலே மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார். வழக்கமாகப் போகிற மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கினார், பின்னால் எட்டிப் பார்த்தார், போர் போயிடுச்சு சார், நாற்பதாயிரம் எடுத்து வையுங்கள் என்றார். மொத்தப் பரிசோதனையும் ஐந்து நிமிடம்தான். நானும் நம்பிப் பணம் புரட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் நண்பர் ஒருவர், வில்லியனூர் பக்கம் லேத் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். அவர் பானெட்டையே தொடவில்லை. “எப்ப புகையுது? காலைல முதல் ஸ்டார்ட்டிங்லயா, சிக்னல்ல நின்னு கிளம்பும்போதா, இல்ல ரோட்ல போகப் போக வந்துகிட்டே இருக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டியை ஓட்டுகிறவன் முன்னால் பார்க்கிறான், புகை பின்னால் போகிறது! சரி, ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க என்றார்.

மறுநாள் காலை அவரே ஸ்டார்ட் செய்தார். நீலமாக ஒரு பெரிய மூச்சு, ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டினார், எண்ணெய்ப் பொட்டுகள், கருகின எண்ணெய் வாசனை. அப்புறம் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஐந்து நிமிடம் சும்மா ஸ்லோவில் ஓடவிட்டு ஒரே அமுக்கு அமுக்கினார், மறுபடியும் ஒரு நீல மூச்சு. பிறகு ஒரு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முக்கி ஏற்றினோம். நண்பர் பின்னால் பைக்கில் வந்து பார்த்தார். ஏறும்போது புகையே இல்லை. இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கீழே வந்து மறுபடி மிதித்தால் குப்பென்று வந்தது.

வால்வ் சீல் போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே ஆயில் தேங்கி நிற்கும். வால்வின் தண்டு வழியாக அது கீழே இறங்காமல் தடுக்கத்தான் அந்தச் சின்ன ரப்பர் சீல். பல வருடச் சூட்டில் அது விறைத்துப்போனால் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் முதல் வெடிப்பில் மொத்தமாக எரிகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் இன்டேக்கில் உறிஞ்சும் வேகம் அதிகமாகும், அதனால்தான் இறக்கத்தில் ஆயிலை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த மிதியில் புகையாகத் தள்ளுகிறது.

ரிங் தேய்ந்த வண்டியின் குணம் வேறு. பாரம் ஏற ஏறப் புகையும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓவர்டேக் செய்தால் பின்னால் வருகிறவன் திட்டுவான். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் ரயில் எஞ்சின் மாதிரி குப்குப்பென்று காற்று அடிக்கும், இதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். எந்த எஞ்சினிலும் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மூடியைத் தலைகீழாகத் துளைமேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் கவலைப்படலாம்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக கேஜை வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு மூன்றே சிலிண்டர்தான், அரைமணி நேர வேலை. எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர்தான், விட்ட ஆயில் இடைவெளியை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் வால்வோ, ஹெட் கேஸ்கெட்டோ (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). இந்த டெஸ்டைச் செய்யாமலே எஞ்சினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

கழற்றின பிளக்குகளை உடனே துடைத்துவிடாமல் வரிசையாக ஒரு பேப்பரில் வைத்துப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாகக் கறுத்திருந்தால் ஆயில். உலர்ந்த கரி போலிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கறுப்புப் புகை அதனால்தான் வரும். ஏர் ஃபில்டர் அடைப்போ, சென்சர் கோளாறோ, கார்புரேட்டர் வண்டியென்றால் சோக் முழுக்கத் திரும்பாததோ காரணமாக இருக்கலாம். மூன்றில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டிருக்கக்கூடும்.

என் ஜென்னில் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. பெரியவர் ஹெட்டைக்கூட இறக்கவில்லை. பிளக் துளை வழியாக ஒரு நைலான் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே விட்டார், பிறகு எஞ்சினைக் கையால் திருப்பினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நெருக்கியது, கயிறு வால்வுகளைத் தாங்கிக்கொண்டது, ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் உள்ளே விழாது. காற்றழுத்தம் கொடுத்தும் செய்வார்கள், ஆனால் கயிறு கரண்ட் கேட்காது. கழற்றின எட்டு சீலையும் என் உள்ளங்கையில் போட்டார். ரப்பர் என்றே சொல்ல முடியாது, சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருந்தன, நகத்தால் அழுத்தினால் பிளந்தது. 2014-இல் சாமான், கூலி, புது ஆயில் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயில் முடிந்தது. இன்றைக்கு விலை ஏறியிருக்கும், ஆனாலும் போர் வேலைக்குப் பக்கத்தில்கூட வராது.

எல்லோருக்கும் இப்படிச் சுபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் மச்சான் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு தன் சான்ட்ரோவுக்கும் வால்வ் சீல்தான் என்று தானே முடிவுசெய்து மாற்றினார். புகை இம்மிகூடக் குறையவில்லை. ஏன்டா என்று போய்ப் பார்த்தால், ரோட்டில் போகும் நேரமெல்லாம் புகைகிறது. கம்ப்ரஷன் வைத்தால் இரண்டு சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது, ஆயில் விட்டால் எழுந்து உட்காருகிறது. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் வேறென்ன நடக்கும்? கடைசியில் லேத்துக்குப் போய், போர் செய்து 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எதைவைத்துச் சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன்னால் காசே செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. ஆயில் உண்மையிலேயே எரிகிறதா, ஒழுகுகிறதா? ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள், காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது பிசிவி வால்வ், எஞ்சின் மூச்சு விடும் குழாயில் இருக்கிற ஒரு சின்னச் சாமான். அது அடைத்துக்கொண்டாலோ திறந்தபடி மாட்டிக்கொண்டாலோ நல்ல எஞ்சினே ஆயில் குடிக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் முதலில் அந்த மூச்சுக்குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, குறைகிறதே என்ற பயத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றிவிடுகிறோம், அதுவே புகைக்குக் காரணமாகிவிடும்.

எவ்வளவு குடிக்கிறது என்றும் அளந்துவிடுங்கள். உங்களுக்குப் போகவர ஐம்பது கிலோமீட்டர் என்றால் இருபது நாளில் ஆயிரம். சமதரையில் நிறுத்தி, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் கோடு வரை நிரப்புங்கள், பிறகு ஊற்றுவதையெல்லாம் அளவு போட்ட பாட்டிலில் ஊற்றிக் குறித்து வையுங்கள். ஆயிரத்துக்கு இருநூறு, முந்நூறு மில்லி என்றால் இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு நான் கவலைப்பட மாட்டேன், பார்த்துப் பார்த்து ஊற்றி ஓட்டலாம். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் என்றால் வேலை பார்த்தே ஆக வேண்டும், உங்கள் எஞ்சினில் மொத்தமே சுமார் மூன்று லிட்டர்தான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அது ஆயில் அளவைக் காட்டுகிற விளக்கு இல்லை, பிரஷரைக் காட்டுவது. அது எரிகிற நேரத்தில் பேரிங்குகள் தேய ஆரம்பித்திருக்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும், புகை நிறுத்தும் மருந்து டப்பா ஊற்றினால் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை குறைவது உண்மைதான், தேய்ந்த எஞ்சினுக்கு நம் ஊர் வெயிலில் அது தப்புமில்லை. ஆனால் அது காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிற மாதிரி. ரிங் தேயாமல் கரி ஏறி ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், பிளக் துளையில் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுவது சில வண்டிகளில் பலன் தரும். மறுநாள் பிளக் போடாமல் செல்ஃப் அடித்து அத்தனையையும் வெளியே துப்பவைத்து, ஆயிலையும் மாற்ற வேண்டும். துளையில் திரவம் நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வெள்ளைப் புகையை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விடியற்காலையில் நீலத்தையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது, மார்கழிக் காலையில் அது மெல்லிசாக வெள்ளையாகத் தெரியலாம், சைலன்சரில் சொட்டவும் செய்யும். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளை வந்து, தித்திப்பு வாசனை அடித்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி இருந்தாலும் அதே சந்தேகம்தான், பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுகிற வண்டியில் வெறும் ஈரத்தால் அப்படி ஆவதும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் மிதந்தபோது தண்ணீரில் நின்ற நண்பரின் காரில் ஆயில் முழுக்கப் பால்காபி நிறத்தில் இருந்தது, கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வண்டி அப்படி எங்காவது நின்றிருந்தால் மெக்கானிக்கிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

புகைச் சான்றிதழ் பாஸ் ஆகிவிட்டதே என்பதையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அங்கே போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும், வால்வ் சீல் போன வண்டி அந்த நேரம் சாதுவாக நிற்கும். பழைய கார் விற்கிறவர்களுக்கும் இது தெரியும். நீங்கள் பார்க்கப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இப்போது தள்ளிவிட்டால் புகைகிற வண்டி என்று இரும்பு விலைதான் கேட்பார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து வந்திருந்தால் உங்களுக்கு 2028 வரை நேரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறிய எஞ்சினை வீட்டில் யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். மூன்று சிலிண்டர் கம்ப்ரஷன் எண்ணையும், ஆயில் விட்ட பிறகு வந்த எண்ணையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.