காலையில் கைநிறைய மாத்திரை, இரவில் வேர்வைக் குளியல்

கேள்வி: எனக்கு வயது 48. மாதவிடாய் வந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய ஓராண்டு தாறுமாறாக வந்தது, உதிரப்போக்கும் அதிகம். இப்போது இரவில் நான்கு முறையாவது உடம்பு கொதித்து, நைட்டி நனையும் அளவுக்கு வேர்த்து, பிறகு குளிரெடுக்கிறது. தூக்கமே இல்லை. மூட்டு வலியும் உண்டு. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் கொடுத்த கால்சியம், போன வருடம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றையும் மறக்காமல் இருக்கக் காலை ஆறு மணிக்கே போட்டுக்கொண்டு காபி குடித்துவிடுவேன். வாரம் ஒரு முறை வைட்டமின் டி பாக்கெட்டும் ஏழு மாதமாகச் சாப்பிடுகிறேன். எட்டு வாரத்துக்குத்தான் எழுதிக் கொடுத்தார், நல்லதுதானே என்று தொடர்கிறேன். மொட்டை மாடியில் தினம் 40 நிமிடம் நடக்கிறேன். எடை 68 கிலோ, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சைவம், முட்டை மட்டும் உண்டு. மாமியார் உடம்புச் சூடு என்று தினமும் வெந்தயம் ஊறவைத்துத் தருகிறார். பக்கத்து வீட்டு அக்கா மெனோபாஸுக்கென்றே வரும் மூலிகை கேப்ஸ்யூல் ஒரு டப்பா 1,400 ரூபாய்க்கு வாங்கித் தந்திருக்கிறார். ஹார்மோன் மாத்திரை எனக்கு வேண்டாம். சாப்பாடு, சத்து மாத்திரை, உடற்பயிற்சியால் சமாளிக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பகுதி முடியும் சகோதரி. ஆனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே வீட்டில் இருப்பதை ஒழுங்கு செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முதலில் உறுத்தியது அந்த ஆறு மணி மாத்திரைக் கூட்டம்தான்.

தைராய்டு மாத்திரை குடலில் இறங்கும்போது கால்சியமோ இரும்போ பக்கத்தில் இருந்தால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். உடனே குடிக்கும் காபியும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். கால்சியமும் இரும்பும் தங்களுக்குள்ளும் போட்டி போடுபவை. ஆக, மூன்றையும் விழுங்கி மூன்றிலும் பலனை இழந்துகொண்டிருக்கிறீர்கள். இனி இப்படி மாற்றுங்கள். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை மட்டும், வெறும் தண்ணீரில். காபி ஏழு மணிக்கு. எப்படிப் பார்த்தாலும் அரை மணி நேரத்துக்கு முன் வேண்டாம். கால்சியம் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. கடைகளில் அதிகம் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

இரும்பு மாத்திரை இன்னும் தேவையா என்பதே கேள்விதான். உதிரப்போக்கு நின்று ஏழு மாதமாகிறது. ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். குறைவாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது.

இந்த மாற்றத்தைச் செய்த பிறகு ஒன்றை மறக்கக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில், தைராய்டு மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரை சரியாகச் சேராத நாட்களில் அளவைக் கூட்டியிருப்பார்கள். இப்போது முழுவதும் சேரும்போது அதே அளவு மிகையாகிவிடலாம். தைராய்டு மிகையானால் என்ன ஆகும் தெரியுமா? வேர்க்கும், படபடக்கும், தூக்கம் கெடும். மெனோபாஸ் தொந்தரவுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்கள் என்றால், ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு பரிசோதனை முடிவையே புரட்டிப்போடும்.

வைட்டமின் டி பாக்கெட்டை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு பாக்கெட் 60,000 யூனிட். வாரம் ஒன்று என்றாலும் நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நாள்தோறும் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. மிதமிஞ்சிய வைட்டமின் டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும்: ஓயாத தாகம், மலச்சிக்கல், குமட்டல், சிறுநீரகக் கல். கூடவே கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும்.

இனி, இரவில் உடம்பு கொதிக்கும் அந்த வெக்கை. மாமியார் சொல்வதுபோல இது உடம்புச் சூடு அல்ல. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி சாதாரணமாகச் சிறிய ஏற்ற இறக்கங்களைக் கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்தப் பகுதியின் பொறுமையும் குறைந்துவிடுகிறது. போர்வைக்குள் கொஞ்சம் சூடேறினாலே, உடம்பு எரிகிறது என்று நினைத்துத் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து, வேர்வையைக் கொட்ட வைக்கிறது. வேர்த்து முடித்ததும் நிஜமாகவே உடம்பு குளிர்ந்துவிடுவதால்தான் பிறகு நடுக்கம். அதனால் வெந்தயம், நுங்கு, மோர், எண்ணெய்க் குளியல் எல்லாம் இதமாக இருக்கலாமே தவிர, அந்த மூளைப் பகுதியை எட்டுவதில்லை. வெந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மாமியார் மனம் நோகும். ஒரு தேக்கரண்டியோடு நிற்கட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கவனம், சர்க்கரை இன்னும் இறங்கிவிடும்.

சோயா பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதிலுள்ள ஐசோஃப்ளேவோன் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்த பொருள். தினம் 40 முதல் 80 மில்லிகிராம் வரை எடுத்துக்கொண்ட சில ஆய்வுகளில் வெக்கை ஓரளவு குறைந்தது. வேறு சிலவற்றில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டல் சோயாவையும் மூலிகைகளையும் மட்டுமல்ல, யோகா, உடற்பயிற்சியைக்கூட வெக்கைக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அதே வழிகாட்டல் ஆதரிப்பவற்றில் எடைக் குறைப்பும், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் மனநலப் பயிற்சியும் உண்டு. உங்கள் எடையில் நான்கைந்து கிலோ குறைந்தாலே இரவில் மாற்றம் தெரிய வாய்ப்பிருக்கிறது.

அப்படியானால் சோயா வேண்டாமா? வேண்டும், புரதத்துக்காக. வெக்கை குறைந்தால் அது லாபக் கணக்கு. மூன்று மாதம் பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் அந்த எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் புரதம் இருக்கிறது. முழு சோயா பயறு என்றால் இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்துச் சுண்டலாகத் தாளியுங்கள். அரைவேக்காடு சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் தங்கிவிடும். வயிற்றுத் தொந்தரவு என்று சிலர் சோயாவையே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பச்சை சோயா மாவைக் கஞ்சியில் கடைசியில் தூவுவதும் இதே தவறு. உங்களுக்கு இன்னொரு நிபந்தனை: சோயாவும் தைராய்டு மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் காலை உணவில் வேண்டாம், மதியமோ மாலையோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பார் பொரியல், இரவு இரண்டு தோசை என்று போகும் நாளில் புரதம் பெரும்பாலும் 40 கிராமுக்குள் நின்றுவிடும். உங்களுக்குத் தேவை 65 கிராம் அளவில். காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம். மதியம் மீல்மேக்கர் அல்லது கெட்டிப் பருப்பு, மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தை இவை பிடித்தால் எடையும் இறங்கும், தசையும் கரையாது. புரதம் கூட்டாமல் பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். மூட்டு வலி கூடத்தான் செய்யும்.

கால்சியத்துக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). பாலும் தயிருமாக 400 மி.லி. என்றால் ஏறத்தாழ 480. கேழ்வரகு 50 கிராம், அதாவது இரண்டு சின்ன அடை, 170-க்கு மேல். தோல் நீக்காத கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி 120 சொச்சம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் இதில் சிறு பங்குதான் மிஞ்சும். 50 கிராம் முருங்கைக்கீரை சேரும் நாளில் இன்னும் 150. பருப்பு, காய்களில் நூறாவது வரும். ஆக ஆயிரத்தை அடுப்படியிலேயே தொட்டுவிடலாம், பாலோ தயிரோ இன்னும் 200 மி.லி. சேர்ந்தால் 1,200-ம் நிறைந்துவிடும். அப்படிச் சாப்பிடும் நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை தேவையில்லை. வெளியூர் போய் ஹோட்டலில் சாப்பிடும் நாட்களில் போட்டால் போதும். இதை உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாலக்கீரையைக் கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பூட்டி வைத்துவிடும்.

உளுந்தங்களி சாப்பிடுபவர் என்றால், அதுவும் நல்ல உணவுதான். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேரும்போது ஒரு கிண்ணமே ஒரு வேளைச் சாப்பாட்டின் கனம் என்பதை நினைவில் வைத்து, டிபனுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், டிபனுக்குப் பிறகு அல்ல.

நடைப்பயிற்சியை விடாதீர்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் எலும்புக்கும் தொடைத் தசைக்கும் அது போதாது. எலும்பு மிக வேகமாகக் கரைவது கடைசி மாதவிடாயை ஒட்டிய இந்தச் சில ஆண்டுகளில்தான். பாரம் ஏறினால்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். வாரத்தில் மூன்று நாள், நடையை இருபது நிமிடமாகக் குறைத்து, மீதி இருபதை இதற்குக் கொடுங்கள்.

கை வைக்காத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள், பத்து முறை. உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் மெதுவாக இறங்க வேண்டும். பயன் அந்த இறக்கத்தில்தான். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தொடைத் தசை வலுவானால்தான் முழங்கால் வலி தணியும். அடுத்து, சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பதினைந்து. கட்டைப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டு, மேசையில் ஒரு கை ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுப்பது பக்கத்துக்குப் பத்து. எல்லாம் இரண்டு சுற்று. கடைசியில் மேடையை லேசாகத் தொட்டபடி ஒற்றைக் காலில் அரை நிமிடம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதன் பிறகு. பத்து எளிதாகிவிட்ட பின்னும் ஆறு மாதம் அதே பத்தில் நிற்பார்கள். பன்னிரண்டு முறை மூச்சு வாங்காமல் செய்ய முடிந்தால் அடுத்த வாரம் ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அதுவும் எளிதானால் இரண்டு கிலோ. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவர்கள், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் முதுகை வளைத்துக் கால்விரல் தொடுவதும் செய்யக் கூடாது, முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

தூக்கத்துக்குச் சில சின்ன ஏற்பாடுகள். மாலை மூன்றுக்கு மேல் காபி வேண்டாம். சூடான ரசமும் வயிறு முட்டச் சாப்பாடும் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். கனத்த போர்வை ஒன்றுக்குப் பதில் மெல்லிய பருத்தி வேட்டி இரண்டு, மாற்று நைட்டி கைக்கெட்டும் தூரத்தில், கால்மாட்டில் மேசை விசிறி. வெக்கையின் எண்ணிக்கை இதனால் குறையாது, ஆனால் எழுந்து விளக்குப் போட்டு உடை தேடுவதில் தொலையும் முக்கால் மணி நேரத் தூக்கம் மிஞ்சும்.

ஹார்மோன் வேண்டாம் என்ற உங்கள் முடிவை மதிக்கிறோம். ஆனாலும் அது வெக்கைக்கு இருப்பவற்றிலேயே வலுவான மருந்து. 60 வயதுக்குள், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற தடைகள் இல்லாதவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். மூன்று மாதம் இவற்றைச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் பேசிப்பாருங்கள். ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களுக்கு மட்டும் இந்த ‘சாப்பாட்டிலேயே சமாளிக்கிறேன்’ பேச்சு பொருந்தாது, அவர்கள் எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்தே ஹார்மோன் பற்றி ஆலோசிக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் மெனோபாஸ் முழுமையாகவில்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் அந்தப் பெயர். அதற்குள் ஒரு முறை வந்தால் பதற வேண்டாம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்யாதவர் என்றால் கருத்தரிக்கும் வாய்ப்பும் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், கருப்பை உள்வரியை ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் பல மூலிகைகளின் பெயரைப் போட்டு எது எவ்வளவு என்று எழுதாமல் விட்டிருந்தால், அது ஒன்றே வேண்டாம் என்பதற்குப் போதும். இத்தகைய கலவைகளில் அடிக்கடி தென்படும் பிளாக் கோஹோஷ் வேரும் அஸ்வகந்தாவும் அபூர்வமாகக் கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனையும் ஏற்றக்கூடியது, உங்கள் மாத்திரையோடு அது சேரவே கூடாது. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்ஸ்யூல் ஆபத்தில்லாதது, பலனும் இல்லாதது. அக்காவிடம் தைராய்டைக் காரணம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே அதைச் சாப்பிடுகிறார் என்றால், கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.