வெப்பமான ஊரில் அரசு அலுவலக வளாகம்: ஏசியைக் குறைக்க வடிவமைப்பில் என்ன செய்யலாம்?

கண்ணாடி, சோலார் எல்லாம் பிறகு. முதலில் கட்டடத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யுங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும்; நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். நண்பகல் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் சன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். மாலை வெயில் அப்படியல்ல. தாழ்ந்து வந்து கோப்பு மேசை வரை நுழையும். மேற்கில் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும். அதைவிட நல்லது, படிக்கட்டையும் ஆவண அறையையும் கழிப்பறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவது.

அடுத்தது கூரை. மேல்தளத்தை வாட்டுவது அதுதான். 1955இல் திறக்கப்பட்ட சண்டிகர் உயர் நீதிமன்றத்தில் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே கூரைக்கு மேல் இன்னொரு கூரையைக் குடைபோல் நிறுத்தி, இடையில் காற்றை ஓடவிட்டார். இன்றைக்கும் பின்பற்றத்தக்க உத்தி.

வறண்ட பகுதியில் கனத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். புழுக்கம் மிகுந்த பகுதியில் இரவும் குளிராது என்பதால் அதே சுவர் தொல்லை. அங்கே ஒரு பக்கச் சன்னலில் நுழைந்து எதிர்ப்பக்கச் சன்னலில் வெளியேறும் குறுக்குக் காற்றோட்டமே கதி. காற்று மறுபக்கம் வரை சென்று சேர, கூரை உயரம் 3 மீட்டர் என்றால் அறையின் ஆழம் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

பொதுமக்கள் காத்திருக்கும் இடத்துக்கு ஏசி எதற்கு? நிழலான முற்றமும் மின்விசிறியும் போதும். சர்வர் அறைக்கு மட்டும் விலக்கு.