கேள்வி–பதில்: சுரங்க அணையும் முப்பரிமாண மாதிரியும்

கே: சுரங்கக் கழிவுச்சேற்றைத் தேக்கும் அணையைக் கட்டம் கட்டமாக உயர்த்தி வருகிறோம். போர்ஹோல் (மண்ணை ஆராயத் தரையில் இடும் துளை) விவரம், மண் இறுக்கச் சோதனை, பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) அளவுகள் எல்லாம் எக்செல் கோப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஒரே முப்பரிமாண மாதிரிக்குள் கொண்டுவர எங்கே தொடங்குவது?

ப: மென்பொருளை அப்புறம் பார்க்கலாம், முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சர்வே குழு எழுதுவது கடல்மட்ட உயரம். ட்ரோனின் ஜிபிஎஸ் தருவது பூமியின் கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். சில இடங்களில் இரண்டுக்கும் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும். போர்ஹோலின் சாய்வுக் கோணமும் இப்படித்தான்: நேர் கீழே இறங்கும் துளையைச் சில மென்பொருள்கள் −90 என்கும், சில +90 என்கும். குறி மாறினால் துளை வானத்தைப் பார்த்து நிற்கும். இவையெல்லாம் கண்ணைக் குத்தும் பிழைகள், உடனே பிடித்துவிடலாம். ஒன்றிரண்டு மீட்டர் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

இறுக்கச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். அணையில் மண்ணைக் கொட்டி இறுக்கும் ஓர் அடுக்கின் கனம் 300 மி.மீ. என்றால், கையடக்க ஜிபிஎஸ் உயரத்தில் 3 மீட்டர் தவறினாலே சோதனைப் புள்ளி பத்து அடுக்கு தள்ளிப் போய் உட்காரும். புள்ளியை ஆர்டிகே கருவியால் (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான ஜிபிஎஸ்) எடுத்து, அன்றைய அடுக்கின் சர்வே பரப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் சோதனை எண், தேதி, அடுக்கு எண், உலர் அடர்த்தி, ஈரப்பதம், எந்த ப்ராக்டர் சோதனையோடு (அந்த மண்ணை எவ்வளவு உச்ச அடர்த்திக்கு இறுக்கலாம் என்று காட்டும் ஆய்வகச் சோதனை) ஒப்பிட்டது என்பதெல்லாம் இருக்கட்டும். கடைசி விவரம்தான் அடிக்கடி விடுபடுகிறது. மண் எடுக்கும் குழி மாறிய பிறகும் பழைய ப்ராக்டர் மதிப்பை வைத்து 98% என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மறுசோதனை தேறிவிட்டதே என்று தேறாததை அழிக்கவும் வேண்டாம். தேறாத புள்ளிகளை மட்டும் வைத்து மாதிரியைச் சுழற்றிப் பாருங்கள். அவை ஒரே மட்டத்தில் கோத்து நின்றால், அந்த அடுக்கைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கே: அணையை உயர்த்தியதும் மாதிரியில் மண்ணுக்குள் புதைத்த பீசோமீட்டர் முனைகளும் மேலேறிவிட்டன. ஏன்?

ப: கேபிளை நீட்டியபோது, அது மேலே வெளிவரும் தலைப்புள்ளியின் உயரத்தைத் திருத்தியவர், ஆழத்தைத் திருத்தியிருக்க மாட்டார். மென்பொருள் தலை உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தே முனையைக் கணக்கிடுகிறது. அணை 5 மீட்டர் உயர்ந்தால் முனையும் 5 மீட்டர் ஏறும். அதை வைத்துக் கணக்கிடும் நீர்மட்டமும் கூடவே ஏறிப் பீதியைக் கிளப்பும். பதித்த நாளன்று அளந்த முனை உயரத்தைத் தனி நெடுவரிசையில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

கே: துளைகளுக்கு நடுவே மாதிரி வரையும் மண் அடுக்குகளை நம்பலாமா?

ப: துளையில் கண்டது தகவல், நடுவில் நிரப்பியது ஊகம். கனடாவின் மவுன்ட் பாலி அணை 2014 ஆகஸ்ட் 4 அன்று உடைந்தது. அடித்தளத்திலிருந்த பலவீனமான களிமண் அடுக்கைத் தள ஆய்வுகள் இனங்காணத் தவறியிருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. தகவலில் இல்லாத அடுக்கை எந்த மாதிரியும் வரையாது. மெல்லிய அடுக்கு தகவலில் இருந்தாலும் கணக்கீட்டின் வழவழப்பில் கரைந்துபோகலாம். துளையிலிருந்து தள்ளிப்போகப் போக நிறம் வெளிறும்படி அமையுங்கள். அணைக்கு அடியில் வெளிறிக் கிடக்கும் இடம்தான் அடுத்த போர்ஹோலுக்கான இடம்.